ஜிங்க் மாத்திரை யாருக்கு?

2022 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒரு வருமான வரி வழக்கு முடிவுக்கு வந்தது. வரி வழக்குதானே என்று பலரும் கடந்து போயிருப்பார்கள். ஆனால் நாகர்கோவிலில் மருந்துச் சீட்டோடு மெடிக்கல் வாசலில் நிற்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு அது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனம், ஜிங்கோவிட் என்ற தனது ஜிங்க் கலந்த சத்து மாத்திரையைப் பற்றி மருத்துவர்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த ஒரே ஆண்டில் சுமார் 4 கோடியே 72 லட்சம் ரூபாய் செலவழித்ததாகக் கணக்குக் காட்டியது. அந்தத் தொகையை வியாபாரச் செலவாகக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வரி போட வேண்டும் என்று கேட்டது. விழிப்புணர்வு என்ற பெயரில் மருத்துவர்களுக்குப் போனவை தங்கக் காசு, எல்.சி.டி. டி.வி., ஃபிரிட்ஜ், லேப்டாப், மாநாட்டுக் கட்டணம், விருந்து உபசரிப்பு.

மருத்துவர்கள் மருந்து நிறுவனங்களிடம் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரிலேயே விதி செய்துவிட்டது. அந்த விதி மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும், கம்பெனியைக் கட்டுப்படுத்தாது, எனவே கொடுத்தவர் மேல் தவறில்லை என்று நிறுவனம் வாதாடிப் பார்த்தது. நீதிபதிகள் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட் அமர்வு அதை ஏற்கவில்லை. வாங்குவதற்குத் தடை இருக்கும்போது கொடுப்பது மட்டும் எப்படி நேர்மையான வியாபாரமாகும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். இப்படிக் கொடுக்கும் பொருள்களின் செலவு கடைசியில் மருந்து விலையில் ஏறி நோயாளி தலையில் விடிகிறது என்பதையும், மருத்துவரின் எழுத்தை நோயாளி கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார் என்பதையும் நீதிபதிகள் எடுத்துக் காட்டினார்கள்.

நீதிமன்றம் தன் முன் வந்த வரிக் கழிவைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. நாம் அதற்கு மேலும் சொல்ல வேண்டியிருக்கிறது. தேவையில்லாத மனிதர் கையில் ஜிங்க் மாத்திரையைத் திணிப்பது வஞ்சனை. தேவைப்படும் குழந்தைக்கு அது போய்ச் சேராமல் விடுவது அதைவிடப் பெரிய பாவம். ஒரே தாதுவை வைத்து இந்த இரண்டு தவறும் நம் கண் முன்னால் நடந்துகொண்டிருக்கின்றன.

வடசேரியிலோ செட்டிகுளத்திலோ மீனாட்சிபுரத்திலோ ஏதாவது ஒரு மெடிக்கலில் சாயங்காலம் கால் மணி நேரம் நின்று பாருங்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சீட்டை நீட்டுவார். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, வாயு மாத்திரை எல்லாம் எழுதி முடிந்த பிறகு கடைசி வரியில் ஒரு சத்து மாத்திரை இருக்கும், ஒரு மாதத்துக்கு. "சார், இதும் சேத்து எடுக்கணுமா?" என்று கடைப்பையன் கேட்பான். "டாக்டர் எழுதியிருக்காருல்லா மக்கா, எடு" என்பார் அவர். பில்லைப் பார்த்ததும் முகம் மாறும். கையில் காசு குறைந்தால் பிரஷர் மாத்திரையைப் பத்து நாளைக்கு மட்டும் கிழித்து வாங்குகிறவர்கள் உண்டு. சத்து மாத்திரை டப்பாவைக் கிழிக்க முடியாது, அது முழுசாகத்தான் வரும். உயிரைக் காக்கும் மாத்திரை பாதியாகி, தேவையே இல்லாத டப்பா முழுதாக வீட்டுக்குப் போகிற இந்தக் கணக்கை எந்த மருத்துவமும் நியாயப்படுத்த முடியாது.

அந்த டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மருந்து தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் இருந்தால் அது சட்டப்படி மருந்தல்ல, உணவுப் பொருள். 2016-ல் வெளியான விதிகளின்படி ஹெல்த் சப்ளிமென்ட் என்று விற்கப்படும் எதிலும் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் இருந்தாக வேண்டும். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்களுக்கும் சிரமமாகத்தான் அது இருக்கிறது. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று தன் மேலேயே எழுதிக்கொண்டு வரும் ஒரு பொருளை மருத்துவர் தன் சீட்டில் எழுதுகிறார், மருந்தாளுநர் மருந்து அலமாரியிலிருந்து எடுத்துத் தருகிறார், நோயாளி மருந்தென்று நம்பி விழுங்குகிறார். உணவுப் பொருள் என்பதால் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையும் அதைத் தொடாது. இந்தச் சங்கிலியில் நம்பி ஏமாறுகிறவர் ஒருவர்தான், காசு கொடுப்பவரும் அவர்தான்.

சீட்டில் ஜிங்க் எழுதும் எல்லா மருத்துவரும் அன்பளிப்பு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள் என்று சொன்னால் அது பொய். பழக்கத்தால் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். "ஒடம்புக்கு ஒரு சத்து மாத்திர எழுதித் தாங்க டாக்டர்" என்று நோயாளியே கேட்பதும் உண்டு. கேட்டதைக் கொடுப்பது வியாபாரிக்கு நியாயமாக இருக்கலாம். மருத்துவரின் நியாயம் வேறு. வேண்டாம் என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் அவருக்குக் கட்டணம் கொடுக்கிறோம். 1838-ல் நெய்யூரில் லண்டன் மிஷன் வைத்தியப் பணி தொடங்கியதிலிருந்து எத்தனையோ தலைமுறை மருத்துவர்கள் இந்தக் குமரி மாவட்டத்தில் உழைத்து, மருத்துவர் எழுத்தின் மேல் சேர்த்து வைத்த நம்பிக்கை இருக்கிறது. காலராவிலும் அம்மையிலும் கூட இருந்தவர்கள் சம்பாதித்த நம்பிக்கையை ஒரு சத்து மாத்திரைக்காகச் செலவழிக்க இன்றைய தலைமுறைக்கு உரிமை கிடையாது.

ஜிங்க் ஒன்றுக்கும் உதவாத சரக்கு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் அருமையை உலகத்துக்குக் காட்டியவரே நம் நாட்டில் பிறந்த மருத்துவர்தான். பீகாரின் பக்ஸரில் பிறந்த ஆனந்த பிரசாத் 1958-ல் ஈரானின் ஷிராஸ் நகரில் பணியில் சேர்ந்தார். அங்கே 21 வயது இளைஞன் ஒருவனைப் பார்த்தார். தோற்றத்தில் பத்து வயதுப் பையன். பருவமடைந்த அடையாளம் எதுவும் இல்லை, கடுமையான ரத்தசோகை வேறு. அவன் சாப்பாடு ரொட்டியும், அதோடு களிமண்ணும். இரும்புச்சத்துக் குறைவு மட்டுமே ஓர் ஆளின் வளர்ச்சியை இப்படி நிறுத்திவிடுமா என்ற சந்தேகம் பிரசாத்துக்கு வந்தது. பிறகு எகிப்துக்குப் போய் அதே போன்ற இளைஞர்களை ஆராய்ந்தார். ஜிங்க் கொடுத்ததும் அவர்கள் வளரத் தொடங்கினார்கள். மனிதனுக்கு ஜிங்க் குறைபாடே வராது என்று அதுவரை நம்பியிருந்த மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் எடுத்தது. 1974-ல்தான் அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் கவுன்சில் அதை அத்தியாவசியச் சத்து என்று அறிவித்தது.

உடம்பில் 300-க்கும் மேற்பட்ட நொதிகள் வேலை செய்ய ஜிங்க் வேண்டும். செல் பிரிவதற்கும், புண் ஆறுவதற்கும், நாக்கில் ருசி தெரிவதற்கும், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் உருவாவதற்கும் அது தேவை. இரும்பைப் போல அதைச் சேமித்து வைக்க உடம்பில் தனிக் கிடங்கு கிடையாது, அன்றன்றைய சாப்பாட்டில் வந்தாக வேண்டும். ஐ.சி.எம்.ஆர். 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13.2 மில்லிகிராம். அமெரிக்கர்களுக்கு இதைவிடக் குறைவான அளவே சொல்லப்படுகிறது. காரணம் நம் சாப்பாட்டில் தானியமும் பருப்புமே அதிகம், அவற்றில் உள்ள ஃபைடேட் என்ற பொருள் ஜிங்க்கைக் குடலில் ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்ளும். குறைபாடும் கற்பனையல்ல. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் 32 சதவீதம் பேருக்கும், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 19 சதவீதம் பேருக்கும் ரத்தத்தில் ஜிங்க் குறைவாக இருந்தது. பென்ஷன் வாங்கி மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறவர் வாங்கும் டப்பாவால் இந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் பயனில்லை.

ஜிங்க் உயிர் காக்கும் மருந்தாகும் இடம் ஒன்று உண்டு. அது குழந்தையின் வயிற்றுப்போக்கு. தண்ணீர் தண்ணீராகப் போகும்போது உப்பும் நீரும் மட்டுமல்ல, ஜிங்க்கும் சேர்ந்து வெளியேறுகிறது. குடலின் உட்சுவர் பழுது பார்க்கப்படுவதற்கு அதே ஜிங்க்தான் வேண்டும். டெல்லியில் சுனில் சசாவல் குழுவினர் சிறு குழந்தைகளிடம் நடத்தி 1995-ல் வெளியிட்ட ஆய்வு இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன முக்கிய ஆய்வுகளில் ஒன்று. 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூட்டாக அறிவித்தன: வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஜிங்க்கும் கொடுக்க வேண்டும். நம் நாட்டு வழிமுறைப்படி ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள். இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 10 மில்லிகிராம். போக்கு சீக்கிரம் நிற்கும், அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு மறுபடி வருவதும் குறையும். இந்த மாத்திரை தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

ஆனால் நடப்பது என்ன? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் வயிற்றுப்போக்கு வந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது 60.6 சதவீதம் பேருக்கு. ஜிங்க் கிடைத்தது 30.5 சதவீதம் பேருக்குத்தான். உலகமே ஒத்துக்கொண்டு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் பத்துக்கு ஏழு குழந்தைகள் கைக்கு இந்த மாத்திரை வரவில்லை. வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்குத் தேவையில்லாத ஆன்டிபயாடிக் தாராளமாக எழுதப்படுகிறது, ஜிங்க் விட்டுப்போகிறது. மலிவான மாத்திரையைப் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்த எந்தக் கம்பெனியும் தங்கக் காசு கொடுப்பதில்லை. 14 மாத்திரைக்கு 50 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஜிங்கோவிட்டுக்காக அபெக்ஸ் செலவழித்த அந்த 4 கோடியே 72 லட்சத்தில் 9 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முழுச் சிகிச்சை கொடுத்திருக்கலாம்.

மாத்திரை கிடைத்த வீட்டிலும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒரு கரண்டியில் தாய்ப்பாலோ கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரோ எடுத்து மாத்திரையைப் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் கரைந்துவிடும். வாயில் லேசாக உலோக ருசி அடிக்கும். குழந்தை முகத்தைச் சுளிக்கும், சில சமயம் கக்கிவிடும். அரை மணி நேரத்துக்குள் கக்கினால் இன்னொரு மாத்திரை கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் போக்கு நின்றுவிடும். "நின்னு போச்சுல்லா, இனி எதுக்குப் பிள்ளைக்கு மருந்து?" என்று வீட்டில் மூத்தவர்கள் கேட்பார்கள். மிச்சம் பதினோரு மாத்திரை அலமாரி மேல் கிடக்கும். அந்தப் பதினோரு மாத்திரைதான் அடுத்த முறை போக்கு வராமல் காப்பது என்று அந்த அம்மாவிடம் யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சத்து மாத்திரையின் பெருமையை டாக்டரிடம் சொல்ல ஒரு பிரதிநிதி மணிக்கணக்கில் கிளினிக் வாசலில் காத்திருக்கிறார், இந்த ஐந்து நிமிடத்துக்கு ஆள் இல்லை.

சரியாகச் செய்த மருத்துவரும் நம் காலத்தில் இருக்கிறார். சர்க்கரை மிகுந்த பானங்களை ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் போட்டு விற்றதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் தனியாளாகப் போராடினார். 2025 அக்டோபரில், அப்படிப்பட்ட பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. ஜிங்க் விஷயத்திலும் நமக்கு வேண்டியது அப்படிப்பட்ட மருத்துவர்கள்தான்.

இனி பெரியவர்களின் டப்பாவுக்கு வருவோம். எதிர்ப்புச் சக்தி கூடும் என்கிறார்கள். கொரோனாக் காலத்தில் ஜிங்க் மாத்திரை இல்லாத வீடே அபூர்வம். அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2021 பிப்ரவரியில் வெளிவந்தது. அதிக அளவு ஜிங்க்கோ வைட்டமின் சி-யோ கொடுத்ததில் நோய்க்குறிகள் விரைவில் குறையவில்லை என்று கண்டதும் பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2021 மே மாதக் கடைசியில் மத்திய அரசின் சுகாதார சேவை இயக்குநரகமே லேசான கொரோனாவுக்கான மருந்துப் பட்டியலிலிருந்து ஜிங்க்கை நீக்கியது. நீக்கிய செய்தி வீடுகளுக்கு வந்து சேரவில்லை, டப்பா மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. ஆண்மைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஜிங்க் என்றொரு விற்பனையும் உண்டு. 2,370 தம்பதிகளை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களுக்கு ஆறு மாதம் ஜிங்க்கும் ஃபோலிக் அமிலமும் கொடுத்ததால் விந்தணுவின் தரமும் கூடவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. பிள்ளையில்லாத தம்பதியின் தவிப்பைக் காசாக்குவதைவிடக் கேவலமான வியாபாரம் உண்டா?

சளி பிடித்தால் ஜிங்க் மிட்டாய் சப்பினால் ஓரிரு நாள் முன்னதாகக் குறையலாம் என்பதற்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது, அதுவும் உறுதியானதல்ல. சளி வராமல் தடுக்கும் என்பதற்கு அதுவும் இல்லை.

பயன் இல்லாவிட்டால் போகட்டும், தீங்காவது இல்லையே என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வில்சன் நோய் என்று ஒரு பரம்பரை நோய் உண்டு. உடம்பில் தாமிரம் அளவுக்கு மீறிச் சேர்ந்து கல்லீரலையும் மூளையையும் கெடுக்கும். அதற்குக் கொடுக்கும் மருந்துகளில் ஜிங்க்கும் ஒன்று, ஏனென்றால் அதிக ஜிங்க் தாமிரத்தைக் குடலிலேயே தடுத்து நிறுத்திவிடும். அந்த நோய் இல்லாதவர் மாதக்கணக்கில் அதிக அளவு ஜிங்க் விழுங்கினால் அவருக்குத் தேவையான தாமிரமும் போய்விடும். ரத்தசோகை வரும், வெள்ளணு குறையும், சிலருக்கு நரம்பு கெட்டுக் கால் மரத்து நடை தள்ளாடும். சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம் ஊரில் கால் மரத்துப்போனால் எல்லோரும் சுகர்தான் காரணம் என்று சொல்லிவிடுவார்கள். யாரும் டப்பாவைக் கேட்க மாட்டார்கள். உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பெரியவர்களுக்கான வரம்பு. ஒரு சத்து மாத்திரை, அதோடு எதிர்ப்புச் சக்திக்கு ஒன்று, முடி கொட்டுவதற்கு ஒன்று, துபாயிலிருந்து மகன் கொண்டுவந்த பாட்டில் ஒன்று என்று நாலும் ஓடும் வீட்டில் அந்த வரம்பு தெரியாமலே தாண்டப்படுகிறது.

உண்மையிலேயே ஜிங்க் தேவைப்படும் பெரியவர்கள் உண்டு. நாள்பட்ட குடல் நோய் உள்ளவர்கள், இரைப்பையைச் சுருக்கும் அறுவை செய்துகொண்டவர்கள், வயதானவர்களுக்கு வரும் விழித்திரைத் தேய்வில் குறிப்பிட்ட கட்டத்தில் இருப்பவர்கள், சாப்பாடே சரியாக இறங்காதவர்கள். இவர்களுக்கு மருத்துவர் காரணம் சொல்லி, இத்தனை வாரம் என்று கணக்குச் சொல்லி எழுதலாம். எழுதினால் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அட்டையில் உள்ள பெரிய எண்ணை அல்ல. மாத்திரையில் உள்ள சுத்த ஜிங்க் எவ்வளவு என்பதைத்தான். ஜிங்க் சல்ஃபேட் மோனோஹைட்ரேட் 55 மில்லிகிராமில் சுத்த ஜிங்க் 20 மில்லிகிராம் இருக்கும். ஜிங்க் குளுக்கோனேட் 50 மில்லிகிராமில் 7 மில்லிகிராம்தான். பிகோலினேட், சிட்ரேட் என்று பெயர் நீள நீள விலை ஏறும், அந்த விலைக்கேற்ற கூடுதல் பலன் நிரூபிக்கப்பட்டதில்லை. சல்ஃபேட் போதும். வெறும் வயிற்றில் குமட்டும், சாப்பிட்ட பிறகு போடலாம். இரும்பு மாத்திரையோடும், சிப்ரோஃபிளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளோடும் சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். இருபது முப்பது சத்துகளை ஒரே மாத்திரையில் அடைத்ததைவிடத் தேவையான ஒன்று மட்டும் உள்ளதே மேல். ஜிங்க் அளவைப் பார்க்கிறோம் என்று லேப் பேக்கேஜில் விற்கும் ரத்தப் பரிசோதனையை நம்பி முடிவெடுக்கவும் கூடாது. காலையா மாலையா, சாப்பிட்டோமா, காய்ச்சல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அந்த எண் ஏறி இறங்கும்.

நம் மண்ணின் சாப்பாட்டில் ஜிங்க்குக்குப் பஞ்சமில்லை, சேர்க்கைதான் முக்கியம். மரச்சீனிக் கிழங்கில் அது மிகக் குறைவு. பஞ்ச காலத்தில் திருவிதாங்கூர் ஏழைகளின் உயிரைக் காத்த கிழங்கு அது, அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் கிழங்கை வெறும் மிளகாய்த் துவையலோடு மட்டும் சாப்பிடும் குழந்தைக்கு ஜிங்க் எங்கிருந்து வரும்? சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும் என்பது ஜிங்க் கணக்கிலும் நல்ல சேர்க்கை. பயறை ஊறவைத்து முளைகட்டினால் ஃபைடேட் குறையும். இட்லி தோசை மாவு புளிக்கும்போதும் அதுவே நடக்கிறது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியில் உள்ள ஜிங்க் எளிதில் உடம்பில் ஒட்டும். நண்டும் பாறையில் பறிக்கும் சிப்பியும் முட்டையும் உதவும். எள்ளிலும், அண்டிப்பருப்பு என்று நாம் சொல்லும் முந்திரியிலும் நிறையவே உண்டு, 100 கிராம் அண்டிப்பருப்பில் 5 மில்லிகிராமுக்கு மேல்.

அந்த அண்டிப்பருப்பை உடைப்பவர்கள் யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் அண்டி ஆபீஸ்களில் காலை முதல் குந்தியிருந்து தோடு உடைத்து, தோல் உரித்துத் தரம் பிரிக்கும் பெண்கள். தோட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். முழுப் பருப்பு ஏற்றுமதிக்கும் பெரிய கடைகளுக்கும் போகும். அதை அவர்கள் பிள்ளைகள் கை நிறைய அள்ளித் தின்னும் நாள் அபூர்வம். வளர வேண்டிய பிள்ளைக்கு முட்டையும் பயறும் இறைச்சியும் வாங்கும் அளவுக்கு அம்மாவின் கூலி இருந்தால் ஜிங்க் மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும். கூலியைப் பேசாமல் சத்துக்குறைவைப் பேசுவது நேர்மையல்ல.

மண்ணிலிருந்தே இந்தக் குறை தொடங்குகிறது என்பதையும் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டு வயல்களில் ஜிங்க் குறைபாடு பரவலாக இருக்கிறது. நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 10 கிலோ ஜிங்க் சல்ஃபேட் போடச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஜிங்க் அதிகமுள்ள நெல் ரகங்கள் 2015-16 வாக்கிலேயே சத்தீஸ்கரிலும் ஹைதராபாத்திலும் வெளிவந்துவிட்டன. டி.பி.எஸ். நெல் ரகங்களைத் தந்த நம் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் நாஞ்சில் நாட்டு வயலுக்கேற்ற அப்படியொரு ரகத்தைக் கொண்டுவர அரசு பணம் ஒதுக்க வேண்டும். செறிவூட்டிய அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி-12-ம் கட்டாயம், ஜிங்க் விருப்பம்போல. அதையும் மறுபடி யோசிக்க வேண்டும்.

மருந்து விற்பனைக்கான நெறிமுறை ஒன்றை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. மருத்துவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அன்பளிப்பு கூடாது என்று அது மறுபடியும் சொல்கிறது. ஆனால் புகாரை விசாரிப்பது மருந்துக் கம்பெனிகளின் சங்கங்களே அமைக்கும் குழு. குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டுக்காரர்களே நீதிபதிகளாக உட்காரும் ஏற்பாடு இது. இதற்குச் சட்ட பலமும், சிறைத் தண்டனையும் வேண்டும். அதுவரை மாநில மருத்துவக் கவுன்சில் கைகட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அன்பளிப்பு வாங்கியதாக ஆதாரத்தோடு புகார் வந்தால் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் இப்போதே அதற்கு இருக்கிறது.

நம் மாவட்டத்தில் உடனே செய்யக்கூடியவை உண்டு. உணவுப் பொருளாக உரிமம் பெற்ற சத்து டப்பாக்களை மெடிக்கல்களில் மருந்துகளோடு கலந்து அடுக்காமல் தனி அலமாரியில், 'இது மருந்தல்ல' என்று தமிழில் பெரிதாக எழுதி வைக்கும்படி மருந்து ஆய்வாளரும் உணவுப் பாதுகாப்பு அலுவலரும் சேர்ந்து வலியுறுத்த வேண்டும். மருந்து வணிகர்கள் உத்தரவுக்குக் காத்திராமல் தாங்களே செய்தால் ஊர் அவர்களை மதிக்கும். மருத்துவர்கள் சீட்டின் கடைசி வரியை எழுதும் முன் இதை ஏன் எழுதுகிறேன், எப்போது நிறுத்தச் சொல்வேன் என்று நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் எழுதக் கூடாது. வாங்குகிறவரும் கேட்கத் தயங்கக் கூடாது.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து கடலோரத்துத் துணை சுகாதார நிலையம் வரை, ஆனி ஆடிச் சாரலுக்கு முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் 20 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரையும் தட்டுப்பாடில்லாமல் இருப்பதை மாவட்ட நிர்வாகம் உறுதிசெய்ய வேண்டும். தனியார் குழந்தை மருத்துவர்களும் வயிற்றுப்போக்குச் சீட்டில் முதல் இரண்டு வரியாக அவற்றையே எழுத வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் அம்மாவின் கையில் 14 மாத்திரையையும் எண்ணிக் கொடுக்க வேண்டும். போக்கு நின்ற பிறகும் அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய் மிச்ச மாத்திரை கொடுக்கப்படுகிறதா என்று விசாரிக்க வேண்டும். எத்தனை குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, அவர்களில் எத்தனை பேர் 14 நாளும் ஜிங்க் எடுத்தார்கள் என்ற கணக்கை மாவட்ட ஆட்சியர் ஒவ்வொரு பருவமழை முடிந்ததும் வட்டவாரியாக வெளியிட வேண்டும்.